நீலம் பாரித்த குழாய்

பாம்பு தீண்டியவனுக்கு உடம்பு நீலம் பாரிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஆலகால விஷத்தை உண்ட பரமசிவனுக்குக் கண்டம் நீலம் பாரித்ததென்று புராணம் சொல்கிறது. மோட்டார் சைக்கிளுக்கும் நீலம் பாரிப்பதுண்டு என்பதை, சென்ற மாதம் காட்டுப்பாக்கம் போய் வந்த பிறகுதான் நாம் அறிந்தோம்.

காட்டுப்பாக்கம், பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில், போரூரையும் ஐயப்பன்தாங்கலையும் கடந்ததும் வரும் ஊர். காடு இப்போது பெயரில் மட்டுந்தான் இருக்கிறது. சாலை நெடுக மெட்ரோ ரயிலுக்காக எழுப்பிய தூண்கள் நிற்கின்றன. மாலை ஆறு மணிக்கு அந்தத் தூண்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகலாம். அவ்வளவு நிதானமாக வண்டிகள் நகருகின்றன. இந்த நிதானத்துக்கும் நாம் சொல்லப் போகும் விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

அங்கே வசிக்கும் நமது நண்பர் ஒருவர் டெலிபோனில் கூப்பிட்டு, "அப்பாவின் புல்லட்டை விற்றுவிடலாமென்று தீர்மானித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர் வருகிறார். நீங்களும் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். வண்டி பார்க்கக் கூப்பிடும் குரலாக அது இல்லை. துக்கத்துக்கு வரச் சொல்லும் குரலாக இருந்தது. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்தோம்.

அந்த வண்டி 1973-ல் நண்பரின் தகப்பனார் வாங்கியது. அவர் காலமாகி வெகு காலமாகிவிட்டது. எண்பது வயதைக் கடந்த தாயார் இருக்கிறார். அந்த அம்மாள் கல்யாணமாகி வந்த சில வருஷத்தில் பின் ஆசனத்தில் ஒரு பக்கமாக உட்கார்ந்து திருப்பதி வரையில் போய் வந்தவர். நண்பரின் பெண், இஞ்சினீயரிங் கலாசாலையில் இரண்டாவது வருஷம் படிக்கிறாள். ஆக, மூன்று தலைமுறைக்கும் அந்த வண்டி உறவு.

"பிறகு ஏன் விற்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

நண்பர் பதில் சொல்லாமல் வண்டியின் வலது பக்கத்தைக் காட்டினார். என்ஜினிலிருந்து வளைந்து இறங்கும் புகைக் குழாய், மெக்கானிக்குகள் 'பெண்ட் பைப்' என்று சொல்வது, கழுத்தருகே வைக்கோல் நிறமாயும், அப்புறம் கத்தரிப்பூ நிறமாயும், வளைவுக்குக் கீழே மயில் கழுத்தைப் போல நீலமாயும் இருந்தது. பார்க்க அழகாகவே இருந்தது என்று சொன்னால் நண்பர் நம்மை மன்னிக்க மாட்டார்.

இதற்காக அவர் பட்ட பாட்டைக் கேட்டோம். முதலில் பாலீஷ் பசையைப் போட்டுத் துலக்கினார். பத்து நாளில் நீலம் திரும்பி வந்தது. மறுபடியும் துலக்கினார், மேலே பூசிய முலாமே தேய்ந்து போயிற்று. புதுக் குழாய் வாங்கிப் போட்டார். அதுவும் ஒரு மாதத்துக்குள் நீலம் பாரித்தது. பழைய குழாய்க்குப் புதிதாக முலாம் பூசிக்கொண்டு வந்து மாட்டினார். அதுதான் இப்போது நாம் பார்த்த மயில் கழுத்து. இதற்கிடையில் வண்டியின் இழுவையும் குறைந்தது. போரூர் மேம்பாலத்தில் ஏறும்போது பெருமூச்சு விட்டதாம். "இனிமேல் இந்த வண்டி நம்மிடம் தங்காது" என்று யாரோ சொல்ல, நண்பருக்கும் அப்படியே பட்டுவிட்டது.

தாயார் மட்டும் உள்ளேயிருந்து, "தவலை கறுத்துப் போனால் தவலையையா விற்கிறோம்? பாயைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டு. அப்புறம் உன் இஷ்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

* * *

'பாய்' என்பவர் பூந்தமல்லியில் சிறு பட்டறை வைத்திருக்கும் பெரியவர். நாற்பது வருஷத்துக்கு மேல் புல்லட் வண்டிகளோடு காலம் கழித்தவர். வந்தவர் கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை. வண்டிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, குழாயை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஸார், இதற்கு முன்னால் இருந்த நிறத்தையெல்லாம் துலக்கினது யார்?"

"நான்தான்" என்றார் நண்பர், சற்றுப் பெருமையுடன்.

"டாக்டர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மருந்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். வண்டி தன் வியாதியைத் தானே எழுதிக் காட்டுகிறது. நீங்கள் அழிக்கிறீர்கள், அது மறுபடியும் எழுதுகிறது."

இதைக் கேட்ட பிறகு நமக்கு அந்த நீலத்தின் மேல் மரியாதை உண்டாயிற்று. அது எப்படி உண்டாகிறது என்பதை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

அது அழுக்கல்ல; சாயமும் அல்ல. உலோகம் சூடாகும்போது காற்றிலுள்ள பிராணவாயு அதன் மேல் சேர்ந்து, பாலின் மேல் ஏடு படிவதைப் போல மிக மெல்லிய ஏடாகப் படிகிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த ஏட்டின் மேற்புறத்திலிருந்து திரும்பும் ஒளியும் அடிப்புறத்திலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்கள் வலுக்கின்றன. சில நிறங்கள் மறைகின்றன. சோப்புக் குமிழியில் வானவில் தெரிவதும், மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் நிறங்கள் தெரிவதும் இப்படித்தான். சூடு ஏற ஏற ஏடு தடிக்கிறது. ஏடு தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது.

நம் கொல்லர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. உளிக்குத் தோய்ச்சல் போட்ட பிறகு அதை மறுபடியும் இளஞ்சூட்டில் காட்டி, நிறம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சாதாரண உருக்கில் ஏறக்குறைய 220 டிகிரியில் வைக்கோல் நிறமும், 280 டிகிரியில் கத்தரிப்பூ நிறமும், 300 டிகிரியில் நீலமும் வரும். வெட்டும் கருவிக்கு எந்த நிறத்தில் நிறுத்துவது, வளையும் வில்லுக்கு எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது அவர்களுக்குக் கண் அளவு. உஷ்ணமானி பட்டறைக்கு வருவதற்கு முன்னாலேயே நிறம் என்னும் உஷ்ணமானி அங்கே இருந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து உலகப் புகழ் பெற்ற ஸர் ஸி. வி. ராமன், கல்கத்தாவில் ஆசிரியராயிருந்தபோது, 1922-ல் இந்த உருக்கு நிறங்களைப் பற்றியே 'நேச்சர்' பத்திரிகைக்கு ஒரு குறிப்பு எழுதினார். கொல்லன் உலையில் தெரிந்த நிறம் அவருடைய கண்ணுக்கும் அற்பமாகத் தோன்றவில்லை.

பெண்மணிகள் இதைச் சமையலறையிலேயே பார்த்திருப்பார்கள். எவர்சில்வர் பாத்திரத்தைத் தண்ணீர் வற்றிப் போகும்படி அடுப்பிலே மறந்துவிட்டால், அடியில் பொன்னிறமும் நீலமும் வட்டமாகத் தெரியும். குழாயில் தெரிவதும் அதே ஏடுதான். குரோமிய முலாமும் எவர்சில்வரும் சாதாரண உருக்கை விடப் பிடிவாதமானவை. நிறம் மாற இன்னும் அதிகச் சூடு வேண்டும். ஆகவே, முலாம் பூசிய குழாய் வளைவு தாண்டியும் நீலமாயிருந்தால், உள்ளே வேண்டாத சூடு இருக்கிறதென்று பொருள்.

கழுத்தருகே கொஞ்சம் பொன்னிறம் படிவது எல்லா வண்டிக்கும் சகஜம். பழைய புல்லட்டின் குழாய் ஒற்றைத் தகடு. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரட்டைத் தகடு வைத்த குழாய்களில் வெளித் தகடு அவ்வளவு சுடுவதில்லை. கவலைப்பட வேண்டியது நிறத்துக்காக அல்ல. அது எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் இறங்கிற்று என்பதற்காக.

குழாயின் நீலத்தைப் புகையின் நீலத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் பாய் எச்சரித்தார். புகை நீலமாக வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. புகை கறுப்பாக வந்தால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. இந்த வண்டியில் புகையே தெரியவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகம்.

* * *

அடுத்தபடியாகப் பாய் பிளக்கைக் கழற்றினார். ஆரோக்கியமான என்ஜினில் பிளக்கின் நுனி பிஸ்கோத்து நிறத்தில் இருக்க வேண்டுமாம். இதில் சுண்ணாம்பு வெளுப்பு. "காற்று அதிகம், பெட்ரோல் குறைவு" என்றார். என்ஜினை ஓடவிட்டு, கார்பரேட்டர் வந்து சேரும் மூட்டில் துளி எண்ணெய் தடவினார். உடனே என்ஜினின் சத்தம் மாறிற்று. அந்த மூட்டின் வழியே திருட்டுத்தனமாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது! பழைய காகித அடைப்பு நைந்து போயிருந்தது.

"இது பாதி வியாதி" என்று சொல்லிவிட்டு, தீப்பொறிக்குக் காரணமான பிளாட்டின பாயிண்டின் மூடியைத் திறந்தார். அதற்குப் பின்னால் இரண்டு சிறு எடைகளும் இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. என்ஜின் வேகம் எடுக்கும்போது அந்த எடைகள் விரிந்து, தீப்பொறியைச் சற்று முன்னதாக வரச் செய்ய வேண்டும். ஏனென்றால், பெட்ரோல் ஆவி பற்றிக்கொண்டவுடன் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. அதற்குச் சற்று அவகாசம் வேண்டும். நிமிஷத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது வினாடிக்கு 33 தடவை தீப்பொறி விழுகிறது. அதில் ஒவ்வொரு பொறியும் தாமதித்தால், எரிந்து முடிவதற்குள் கதவு திறந்து, நெருப்பு குழாய்க்குள்ளேயே வந்துவிடுகிறது. இந்த வண்டியில் அந்த எடைகள் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தன.

பாட்டியம்மாள் இதைக் கேட்டுவிட்டு, "அடுப்பிலே வேக வேண்டியது வாசலிலே வேகிறது என்று சொல்லுங்கள்" என்றார். நாம் ஒரு பக்கம் எழுதினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அந்த வாசலில் நிற்பது எக்ஸாஸ்ட் வால்வு. குழாய்க்கு நீலம், வால்வுக்கு மரணம். வால்வு தீய்ந்து ஓட்டையானால் தலைப்பாகத்தையே இறக்கிச் செலவு செய்ய வேண்டும். குழாயைத் துலக்கி வைத்துக்கொண்டே இன்னும் சில மாதம் ஓட்டியிருந்தால் அதுதான் நடந்திருக்கும். வெளியே பளபளவென்றிருக்கும், உள்ளே எரிந்துகொண்டிருக்கும்.

இனி, தூண்களை எண்ணிய கதைக்கு வருவோம். புல்லட் என்ஜினுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது. ஓடும்போது எதிரே வரும் காற்றுத்தான் குளிர்ச்சி. போரூரிலிருந்து காட்டுப்பாக்கம் வரையில் நின்று நின்று வந்தால், காற்றுப் படாமல் சூடு அப்படியே தங்கிவிடுகிறது. நண்பர் தினந்தோறும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்.

இன்னொரு காரணமும் உண்டு. 2025-ல் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்து வழங்கும் நிலை வந்துவிட்டது. அயல் நாட்டு எண்ணெய்க்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கு நம் கரும்பு விவசாயிக்கும் மக்காச்சோள விவசாயிக்கும் போகிறதென்றால் அதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால், எத்தனாலில் பிராணவாயு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட்டின் வழியே புதிய கலவை சென்றால், ஏழெட்டு சதவிகிதம் காற்று மிஞ்சுகிறது. புது வண்டிகளில் இயந்திர மூளை இதைச் சரி செய்துகொள்ளும். 1973-ஆம் வருஷத்து வண்டிக்கு மெக்கானிக்கின் மூளைதான் உண்டு. பாய் சற்றுப் பெரிய ஜெட் ஒன்றைப் பொருத்தினார். எத்தனாலுக்குத் தாங்காத பழைய ரப்பர்க் குழாயையும் மாற்றச் சொன்னார்.

* * *

பாய் எடைகளைக் கழற்றித் துருப் போக்கிக்கொண்டிருந்த வேளையில், நாம் திண்ணையில் உட்கார்ந்து அந்த வண்டியின் பூர்வோத்தரத்தைச் சிந்தித்தோம்.

'புல்லட்' என்ற பெயர் 1932-ல் இங்கிலாந்தில், ரெட்டிச் என்ற ஊரில் உள்ள ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் வைத்தது. சுதந்திரம் வந்த பிறகு நம் சர்க்கார் 350 ஸி.ஸி. புல்லட்டுகள் 800-க்கு ஆர்டர் கொடுத்தார்கள். அதையொட்டி 1955-ல் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஆரம்பித்தார்கள். முதலில் கடல் கடந்து பெட்டியில் வந்த பாகங்களைச் சென்னையில் பூட்டி முடுக்கினார்கள். பிறகு திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகமாகச் செய்யக் கற்று, 1962 வாக்கில் வண்டி முழுவதும் இங்கேயே உருவாயிற்று. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1977-ல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. தாய் வீடு மூடிய பிறகு, பெண் தன் குடித்தனத்திலிருந்து பிறந்த ஊருக்குச் சீர் அனுப்பிய கதை இது!

இதைச் சொல்லி மீசையை முறுக்கிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. ஆனால், அந்த வண்டி இத்தனை வருஷம் ஓடியதற்குத் தொழிற்சாலை பாதிக் காரணந்தான். மறு பாதி, ஊர் ஊராக இருந்த பட்டறைகள். சைக்கிள் கம்பியைப் பிளக்குத் துவாரத்தில் விட்டுப் பிஸ்டனின் உயரம் பார்ப்பவர்கள், பிளாட்டினம் திறக்கும் கணத்தை விளக்கருகே உள்ள ஆம்பியர் மீட்டரின் முள் துடிப்பதைக் கொண்டு கண்டுபிடிப்பவர்கள், இவர்கள்தான் அந்த மறு பாதி. இந்நாட்டில் ஒன்றைத் திறந்து வைக்க மாலையும் மேளமும் தயாராயிருக்கின்றன. திறந்து வைத்ததைப் பேணுகிறவனுக்கு மாலை போட்டதை நாம் பார்த்ததில்லை.

இப்படி நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, "பாப்பா, முள்ளைப் பார். துடித்தவுடன் சொல்" என்று பாய் கூறுவது கேட்டது. நண்பரின் பெண் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்போ!" என்றாள். பிஸ்டன் உச்சிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் இருந்தது. பாய் திருகை இறுக்கிவிட்டு, "எனக்கு இப்போது கண்ணாடி போட்டாலும் முள் தெரிவதில்லை" என்றார்.

* * *

மாலையில் வாங்குகிறவர் வந்தார். நீலக் குழாயைப் பார்த்ததும் பேசிய விலையில் ஐயாயிரம் குறைத்தார். பாய் கிக்கரை மிதித்தார். முதல் மிதியிலேயே வண்டி பேசிற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வந்தவர் ஐயாயிரத்தைத் திரும்பச் சேர்த்து, மேலும் ஐந்து சேர்த்தார். நண்பர் தாயாரின் முகத்தைப் பார்த்தார். "காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று பாட்டியம்மாள் அவரை உபசரித்தார். விலையைப் பற்றிப் பிறகு பேச்சே எழவில்லை.

பாய் புறப்படுமுன் சொன்ன யோசனைகளை, இப்படிப்பட்ட வண்டி உள்ள குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

குழாய் நன்றாக ஆறிய பிறகே துடைக்க வேண்டும்; சூட்டில் தண்ணீர் ஊற்றலாகாது. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். முலாம் என்பது நிக்கலின் மேல், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் படிந்திருக்கும் குரோமியம். சொரசொரப்பான பொடியும் கம்பி நாரும் அதைத் தின்றுவிடும். மழைக் கோட்டு உருகி ஒட்டினால் மரக் குச்சியால் சுரண்ட வேண்டும். எண்ணெய்க் கை பட்ட இடத்தைத் துடைக்காமல் வண்டியைக் கிளப்பினால், அந்தக் கை அடையாளம் குழாயில் வெந்து நிரந்தரமாகிவிடும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. கறிகாய் வாங்கத் தெருக்கோடி வரையில் மட்டும் போய் வந்தால், அந்தத் தண்ணீர் சைலன்ஸருக்குள்ளேயே தங்கித் துருப்பிடிக்கச் செய்யும். வாரத்துக்கு ஒரு நாளாவது அரை மணி நேரம் தடையில்லாத சாலையில் ஓட்ட வேண்டும். நெரிசலில் வெகு நேரம் நிற்க நேர்ந்தால் என்ஜினை அணைத்துவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை அந்த எடைகளுக்கு ஒரு துளி எண்ணெய்.

முலாம் பூசுவதை எளிதாக நினைக்க வேண்டாம். பளபளப்புக்கு விலை உண்டு. முலாம் தொட்டியில் இருக்கும் குரோமிய அமிலம் கொடிய நஞ்சு. தொட்டியருகே நிற்பவனின் மூச்சுக்கும், கழிவு கலக்கும் கிணற்றுக்கும் அது கேடு. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிப்போன ஒரு குரோமிய ரசாயனத் தொழிற்சாலை விட்டுச் சென்ற கழிவு, லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதையைத் தமிழ்நாடு அறியும். நீலத்தை மறைப்பதற்காக மட்டும் ஒரு குழாயை மறுபடியும் அந்தத் தொட்டியில் முக்குவது நமக்கு நியாயமாகப் படவில்லை. குழாய் துருவேறி ஓட்டையாகும் நிலை வந்தால் அது வேறு விஷயம்.

நண்பரும் அந்த முடிவுக்கே வந்துவிட்டார். குழாய் நீலமாகவே இருக்கிறது. 50 வருஷம் கடந்த வண்டிகளைத் தனிப் பட்டியலில் பதிந்துகொள்ள மத்திய சர்க்கார் 2021-ல் விதி செய்திருக்கிறார்கள். ஆனால், அந்தப் பட்டியலில் சேர்ந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது என்பதால், நண்பர் அதற்கும் போகவில்லை.

சென்ற வாரம் டெலிபோனில் பேசினோம். ஒரு மாதமாக நீலம் ஒரு விரற்கடைகூடக் கீழே இறங்கவில்லையாம். அவருடைய பெண் குழாயில் நீலம் முடியும் இடத்தில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்தமல்லிப் பட்டறைக்கும் போய் வருகிறாளாம்.